கூனும் குனிவும்

எங்க ஆயாவுக்கு 80 வயது தாண்டிவிட்டது. முகம் எப்போதும் தரையைப் பார்த்தே இருக்கிறது. சின்னப் பிள்ளையாக நடவுக்குக் குனிந்தவள். களைக்கும் கருதறுப்புக்கும் குனிந்தவள். ஊர்த்தெருவைக் கடக்கையிலும் குனிந்தவள். இப்போது நிமிர முடியாது. கண்ணில் புரை. சுவரில் பாடுபட்ட சுரூபம், கையில் ஜெபமாலை. கேட்டால், "சேசு இருக்காரு கண்ணு" என்பாள்.

படிக்கிற காலத்தில் இந்தப் பேச்சு எனக்குக் கோபமூட்டும். மதத்தை அபினி என்று மார்க்ஸ் 1844இல் எழுதியதைப் பிடித்துக்கொண்டு ஆயாவிடம் மல்லுக்கு நிற்பேன். அதே இடத்தில், மதம் துன்பத்தை எதிர்த்த முறையீடாகவும் இருக்கிறது என்று அவர் எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

இன்று என் கேள்வி வேறு. விசுவாசம் தரும் பலம் யாருக்கு உதவுகிறது? சுமக்கிறவருக்கா, சுமத்துகிறவருக்கா?

'சிலுவையைப் பொறுமையாகச் சுமங்கள்' என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயாவிடம் இதைச் சொன்னேன். "அந்தச் சிலுவய அவரா செஞ்சிக்கிட்டாரு? சொமக்குறவங்கிட்ட வந்து பொறுமயா சொமன்னு சொல்றியே, ஆணி அடிச்சவங்கிட்ட என்னா சொன்ன?" என்றாள்.

லூக்கா 13ஆம் அதிகாரத்தில் 18 வருடம் கூன் விழுந்து கிடந்த ஒரு பெண் வருகிறாள். ஓய்வுநாளில் சேசு அவளை நிமிர்த்துகிறார். தொழுகைக்கூடத் தலைவனுக்கு ஆத்திரம் வருகிறது. நம் பிரசங்கங்களில் அற்புதம் பெரிதாகிவிடுகிறது, தலைவனின் ஆத்திரம் சின்னதாகிவிடுகிறது. ஒருத்தி நிமிர்ந்தால் ஏன் ஒருவனுக்கு எரிய வேண்டும்?

ஆயாவின் முதுகு நிமிரவில்லை. பிறகு என்ன கிடைத்தது அவளுக்கு?

உழைக்கிற சனங்களின் உடம்புக்குக் கூலிதான் மதிப்பு. கூலிக்கு ஆகாத உடம்பை வீடுகூட ஓரமாய்த்தான் போடும். ஆயா அதற்கு ஒப்பவில்லை. தூக்கம் வராத ராத்திரிகளில் ஜெபமாலையின் 53 அருள்நிறை மணிகளுக்கும் ஒவ்வொரு பேர் வைத்து உருட்டுகிறாள். கூட நாற்று நட்டவர்கள், பிரசவத்தில் செத்தவர்கள், பட்டணம் போய்த் திரும்பாதவர்கள். "இதான் இப்ப என் வேல" என்கிறாள். மூப்பை அவள் ஏற்றுக்கொண்டாள். அது ஆண்டைக்கும் வரும்.

சாதியை ஏற்றுக்கொள்ளவில்லை. கோயிலுக்கு நடக்க முடியாமல் போனபோது, மாதத்தின் முதல் வெள்ளியில் ஊர்த்தெரு நோயாளிகளுக்கு வீடு தேடி நன்மை கொண்டுபோன சாமியார், எங்கள் தெருவுக்கு வரவில்லை. தெரு சேறாம். ஆயா உபதேசியாரைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "வண்டி வரலன்னா எறங்கி நடக்கச் சொல்லு. மாட்டுக் கொட்டாயில பொறந்தவருக்குச் சேறு புதுசில்ல." அடுத்த மாதம் சாமியார் நடந்து வந்தார்.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையில் 1956இல் சீக்கிய தலித்துகளும் 1990இல் பௌத்த தலித்துகளும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ தலித்துகளுக்கு இன்றும் அதில் இடமில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்கிறார்கள். எங்கள் தெருச் சேற்றைக் கேட்டால் அது வேறு சொல்லும்.

ஆயாவின் ஜெபம் அவளை அடக்கிப் போடவில்லை. எதைத் தாங்குவது, எதைத் தாங்கக் கூடாது என்று பிரித்துப் பார்க்கும் தெம்பை அது தந்திருக்கிறது. ஆனால் அவளுடைய தெம்பைப் புகழ்ந்துவிட்டு நாம் சும்மா இருந்தால், நாமும் 'பொறுமையாகச் சும' என்பவர்கள்தான்.

எங்கள் ஊரில் கல்லறையும் இரண்டு. போன வாரம் ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்தா என்னயப் பெரிய கல்லறயில பொதைக்கணும். ஜெபத்த நான் பாத்துக்குறேன். அது ஒன் வேல."