பெயர் கொடுக்கச் சொல்பவரின் கடன்

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவரிடம் சொல்வது நல்ல காரியம்தான். ஆனால் பெயர் கொடுத்த குற்றத்துக்காக அவருடைய வேலை போகும், குடியிருக்கும் வீடு போகும், உயிரும் போகலாம் என்று தெரிந்திருந்தால் அப்போதும் சொல்லலாமா? சொல்பவர் வெளியூர்க்காரராகவும் அடி வாங்கப்போகிறவர் உள்ளூர்க்காரராகவும் இருந்தால்? 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர்களாக்கப் போன இளைஞர்களால் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியவில்லை.

அங்கே அப்போது பதிவு என்பது படிவம் நிரப்புவதோடு முடியவில்லை. விண்ணப்பிக்க வருபவர் மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவைப் பார்த்து எழுதி, அதற்கு விளக்கமும் எழுத வேண்டியிருந்தது. எந்தப் பிரிவு என்று தேர்ந்தெடுத்தவரும், விளக்கம் சரியா என்று முடிவு செய்தவரும் வெள்ளையரான பதிவாளர். 1962இல் இதற்கு மேல் ஒரு சட்டம் வந்தது: விண்ணப்பித்தவர்களின் பெயர்கள் உள்ளூர்ச் செய்தித்தாளில் இரண்டு வாரம் வெளியாக வேண்டும். பண்ணை முதலாளி, கடன் கொடுத்தவர், வீட்டுக்காரர் என எல்லார் கண்ணிலும் அந்தப் பெயர் பட வேண்டும் என்பதுதான் நோக்கம். 1965க்கு முன் அந்த மாநிலத்தில் வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பின மக்களில் 7 சதவீதத்துக்கும் குறைவானவர்களே பட்டியலில் இருந்தார்கள்.

1961 கோடையில் நியூயார்க்கிலிருந்து வந்த கணித ஆசிரியர் பாப் மோசஸ், மெக்கோம் நகரில் இந்தத் தேர்வுக்கு மக்களைத் தயார்செய்யும் வகுப்புகளைத் தொடங்கினார். ஹெர்பர்ட் லீ என்ற விவசாயி, ஒன்பது பிள்ளைகளின் தகப்பன், தன் வண்டியில் மோசஸை ஊர் ஊராக அழைத்துப்போனார். செப்டம்பர் 25 அன்று லிபர்ட்டி என்ற ஊரில், பருத்தி அரைவை ஆலை வாசலில், பட்டப்பகலில் லீ சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். தற்காப்புக்காகச் சுட்டார் என்று விசாரணை உடனே முடித்துவைக்கப்பட்டது. லீயின் சாவுச் சடங்கில் அவர் மனைவி மோசஸிடம் வந்து, என் கணவனைக் கொன்றது நீங்கள்தான் என்று கதறினார்.

அந்தச் சொல்லைத் துயரத்தின் வேகத்தில் வந்தது என்று ஒதுக்கிவிடலாம். துப்பாக்கியின் விசையை இழுத்தவர் வேறொருவர் என்பதும் உண்மை. அறத்தின் கணக்கில் கொலைப் பழி முழுவதும் சுட்டவருக்கும் அவரைக் காத்த அரசுக்குமே சேரும். ஆனாலும் பழி வேறு, கடன் வேறு. பழி இல்லாதவருக்கும் கடன் உண்டு. மோசஸ் வந்திராவிட்டால் லீ அந்த ஆண்டு பருத்தியை விற்றுவிட்டு வீடு திரும்பியிருப்பார். இதை மோசஸ் மறக்கவில்லை. அந்தச் சாவின் பாரத்தைச் சுமந்தபடிதான் அவர் அடுத்த ஆண்டுகளில் வேலை செய்தார்.

அப்படியானால் கேட்காமலே இருந்திருக்கலாமா? அதற்கு ஃபேனி லூ ஹேமரின் வாழ்க்கை பதில் சொல்கிறது. மிசிசிப்பியின் ரூல்வில் ஊரில் பருத்திப் பண்ணையில் வேலை பார்த்த அவருக்கு வயது 44. கறுப்பினத்தவருக்கும் வாக்குரிமை உண்டு என்பதை 1962 ஆகஸ்டில் ஒரு தேவாலயக் கூட்டத்தில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். அந்த மாதம் 31ஆம் தேதி, ஊர்க்காரர்கள் சிலரோடு பேருந்தில் இண்டியனோலா போய் விண்ணப்பித்தார். தேர்வில் தோல்வி. திரும்பி வந்தால் பண்ணை முதலாளி காத்திருந்தார்: விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் வெளியே போ. உங்களுக்காக நான் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்று சொல்லிவிட்டு, 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அன்றிரவே வெளியேறினார். சில நாள் கழித்து, அவர் தங்கியிருந்த வீட்டுக்குள் குண்டுகள் பாய்ந்தன. அப்போது அவர் அங்கே இல்லை. மறுபடியும் தேர்வு எழுதினார். 1963 ஜனவரியில் பெயர் ஏறியது.

ஆபத்து என்பதற்காக யாரும் அவரிடம் பேசாமலே இருந்திருந்தால், ஹேமருக்காக வேறு யாரோ முடிவெடுத்ததாகிவிடும். இரக்கத்தின் பெயரால் ஒருவரிடம் உண்மையை மறைப்பதும் அவரைச் சிறுமைப்படுத்துவதுதான். ஆகவே கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். யார் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதில்தான் சிக்கல்.

இதைத் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் சிலர் முன்பே யோசித்திருந்தார்கள். ஈசா ஜென்கின்ஸ் அந்தத் தீவுக்காரர். சார்ல்ஸ்டனுக்கு வேலைக்குப் போகிறவர்களைத் தன் பேருந்தில் ஏற்றிப்போனவர். பயணிகளுக்குப் போகிற வழியிலேயே பதிவுக்குத் தேவையான சட்டப் பகுதிகளைச் சொல்லிக்கொடுத்தார். அவரும் செப்டிமா கிளார்க்கும் சேர்ந்து 1957 ஜனவரியில் பெரியவர்களுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். கறுப்பின உரிமைச் சங்கம் ஒன்றின் உறுப்பினராக இருப்பதைக் கைவிட மறுத்ததற்காக ஆசிரியர் வேலையை இழந்தவர் கிளார்க். பள்ளி நடந்த கட்டடத்தின் முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் வகுப்பு. பாடம் நடத்த வந்த பெர்னீஸ் ராபின்சன் ஆசிரியர் அல்லர், பெண்களுக்கு முடி அலங்காரம் செய்பவர். அவரிடம் வருகிறவர்கள் எல்லாரும் கறுப்பினப் பெண்கள். எந்த வெள்ளை முதலாளியும் அவரை வேலையை விட்டு நீக்க முடியாது. அவரைத் தேர்ந்தெடுத்ததில் கூர்மையான அறவுணர்வு இருக்கிறது: இழக்க அதிகம் இல்லாதவர் முன்னே நிற்கட்டும், இழக்க அதிகம் உள்ளவர் தன் நேரம் வரும்போது வரட்டும். கையெழுத்துப் போடவும், பணவிடைப் படிவம் நிரப்பவும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். பதிவாளர் திருப்பி அனுப்பினாலும் அந்தப் படிப்பு கையில் தங்கும்.

இந்தியாவில், பெயரைப் பட்டியலில் ஏற்றும் இந்தச் சுமையின் பெரும்பகுதியை அரசே ஏற்றது. முதல் பொதுத் தேர்தலுக்கு முன் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினார்கள். இன்றும் வீடற்ற ஒருவர் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6இல் தான் உறங்கும் இடத்தைக் குறிப்பிட்டால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. பார்த்து உறுதிசெய்துவிட்டால் முகவரிச் சான்று தேவையில்லை. மிசிசிப்பியின் பதிவாளரையும் இந்த அலுவலரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அரசு என்ன செய்யக் கடமைப்பட்டது என்பது விளங்கும். ஆனாலும் இங்கேயும் சிறிய விலைகள் உண்டு. தன் வீட்டு முகவரியில் வாடகைக்காரர் பெயர் ஏறுவதை விரும்பாத வீட்டுக்காரர் இருக்கிறார். படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போகிற தன்னார்வலருக்கு அந்த மனத்தாங்கல் தெரியாது. மாதா மாதம் வாடகை கொடுக்கப் போகிறவர்தான் அதைச் சந்திக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் பேசிவிட்டீர்களா, நானும் கூட வரட்டுமா என்று முதலில் கேட்பவரே உண்மையில் உதவி செய்தவர்.

யார் கேட்பது என்ற அதே கேள்விமீது 1963 இறுதியில் மிசிசிப்பியில் பெரிய விவாதம் ஒன்று நடந்தது. அடுத்த கோடையில் வடமாநில மாணவர்களை, பெரும்பாலும் வெள்ளையர்களை, நூற்றுக்கணக்கில் வரவழைக்கலாமா? லீ இறந்தபோது நாடு திரும்பிப் பார்க்கவில்லை. வசதியான வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஆபத்து என்றால் பார்க்கும். இந்தக் கணக்கு எல்லாருக்கும் புரிந்தது, பலருக்கு அருவருப்பாகவும் இருந்தது. பதிவு வேலையில் இருந்த ஊழியர்கள் பலர் எதிர்த்தார்கள். ஹேமர் உள்ளிட்ட உள்ளூர்க்காரர்கள் வரட்டும் என்றார்கள். மோசஸ் தயங்கினார். 1964 ஜனவரி 31 அன்று, லீயின் கொலையைக் கண்ணால் பார்த்த லூயிஸ் ஆலன், மாநிலத்தை விட்டு மறுநாள் வெளியேற இருந்த நிலையில், சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் மோசஸ் திட்டத்தின் பக்கம் நின்றார்.

கோடையில் மாணவர்கள் வந்தார்கள். கணக்கு அப்படியே பலித்தது. ஜூன் 21 அன்று ஜேம்ஸ் சேனி என்ற உள்ளூர்க் கறுப்பின இளைஞரும், நியூயார்க்கைச் சேர்ந்த ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய வெள்ளையர் இருவரும் கொல்லப்பட்டபோது கூட்டாட்சி அரசே தேடலில் இறங்கியது. தேடும்போது, மே மாதம் கொல்லப்பட்ட ஹென்றி டீ, சார்ல்ஸ் மூர் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்களின் உடல்கள் கிடைத்தன. அவர்களை அதுவரை நாடு தேடியிருக்கவில்லை.

அந்தக் கோடையில் சுமார் 17,000 பேர் பதியப் போனார்கள். சுமார் 1,600 பேரை மட்டும் ஏற்றார்கள். வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோருக்கு முடிவு முன்கூட்டியே தெரியும். அநீதி நடக்கிறது என்று வாஷிங்டனுக்குக் காட்ட அந்த மறுப்புகள் தேவைப்பட்டன. மனிதர்களை இப்படிச் சான்றாக்குவது சரியா? தெரிந்து, தாங்களே தீர்மானித்து நின்றார்கள் என்றால் சரி. வெளியிலிருந்து வந்தவர் நிறுத்தி நின்றார்கள் என்றால் தவறு. ஹேமரைப் போன்றவர்கள் ஊரில் இருந்தபடியே அக்கம்பக்கத்தாரை அழைத்ததால்தான் மிசிசிப்பியின் வரிசைகள் பெரிதும் முதல் வகையைச் சேர்ந்தவை. கோடை முடிந்து மாணவர்களில் பெரும்பாலோர் கல்லூரிக்குத் திரும்பினார்கள். அந்தக் கோடையில் எரிக்கப்பட்ட தேவாலயங்களைத் திரும்பக் கட்டும் வேலை ஊர்க்காரர்களுடையதாயிற்று.

1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் வந்தது. எழுத்தறிவுத் தேர்வு நிறுத்தப்பட்டது. கூட்டாட்சி அலுவலர்களே வந்து பெயர்களைப் பதிந்தார்கள். 1967இல் மிசிசிப்பியின் கறுப்பின வாக்காளர் பதிவு ஏறத்தாழ 60 சதவீதம் ஆனது. லீயைச் சுட்டவர் மீது கடைசிவரை வழக்கு நடக்கவில்லை. ஆலனைக் கொன்றதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.