பிள்ளையின் திறமைக்கு யார் பொறுப்பு?

பிள்ளை ஒன்று நன்றாகப் பாடினால் 'அது பிறவிக் கொடை' என்கிறோம். பாட வராவிட்டால் 'அதற்குக் கொடுத்து வைக்கவில்லை' என்று சொல்லி அமைகிறோம். எப்படிப் பார்த்தாலும் பெற்றோர் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள இடமிருக்கின்றது. கொடை இருந்தால் தானே வளரும். இல்லாவிட்டால் யாரைக் குறை சொல்வது?

இந்த எண்ணத்தை அடியோடு மறுத்தவர் யப்பானியரான ஷினிச்சி சுசுக்கி. (மோட்டார் சைக்கிளுக்கும் இவருக்கும் தொடர்பில்லை.) அவருடைய கொள்கையின் பயனாக இன்று பல நாடுகளில் கோடை விடுமுறை தோறும் விசித்திரமானதொரு முகாம் நடைபெறுகின்றது. வயலின், செல்லோ முதலிய தந்தி வாத்தியங்களைப் பழகும் சிறுவர்களுக்கான முகாம் அது. ஆனால் பிள்ளையை வாயிலில் இறக்கிவிட்டுப் பெற்றோர் வீடு திரும்புவதற்கில்லை. தாயோ தகப்பனோ கூடவே தங்க வேண்டும். வகுப்பிலே உட்கார வேண்டும். ஆசிரியர் சொல்வதைக் குறிப்பெடுக்க வேண்டும். படிக்க வந்தது பிள்ளையா பெற்றோரா என்ற ஐயம் பார்ப்பவருக்கு எழும். அந்த ஐயத்திலேதான் நாம் சிந்திக்க வேண்டிய விஷயம் இருக்கின்றது.

சுசுக்கி 1898ஆம் ஆண்டு நகோயா நகரிற் பிறந்தவர். தகப்பனார் வயலின் தொழிற்சாலை நடத்தியவர். ஆனாலும் மகன் சிறு வயதில் வயலின் பழகியவரல்லர். பதினேழு வயதளவில், மிஷா எல்மன் வாசித்த சூபேட்டின் 'ஆவே மரியா' இசைத்தட்டைக் கேட்டு மனமுருகிப் போய், தொழிற்சாலையிலிருந்து ஒரு வயலினை எடுத்துவந்து தானாகவே இழுத்துப் பார்க்கத் தொடங்கினார். பின்னர் 1920களில் ஜேர்மனி சென்று பேர்ளினில் காள் கிளிங்லர் என்பவரிடம் பயின்றார். அங்கே வேற்றுமொழி பேச அவர் பட்ட பாடு பெரிது. நாட்டுக்குத் திரும்பிச் சிறுவருக்குக் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் அவருக்கு ஓர் எளிய உண்மை புலப்பட்டது. யப்பானியப் பிள்ளைகள் எல்லோரும் யப்பானிய மொழி பேசுகிறார்கள்!

இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். மொழி என்பது வயலினைவிட எத்தனையோ மடங்கு கடினமானது. ஆயினும் கணக்கில் தோற்ற பிள்ளையும், 'மந்தம்' என்று பள்ளிக்கூடம் ஒதுக்கிய பிள்ளையும் தாய்மொழியைத் தப்பின்றிப் பேசுகின்றது. அப்படியானால் குறை பிள்ளையிலா, கற்பித்த முறையிலா? தாய் தன் மொழியைக் கற்பிப்பதுபோல இசையையும் கற்பித்தாலென்ன? முதலிலே கேட்கச் செய்வது. பிறகு பார்த்துச் செய்யவிடுவது. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்விப்பது. எழுத்தை வாசிக்கும் காலம் பின்னால் வரட்டும். 1946ஆம் ஆண்டு, போரினால் நொறுங்கிக் கிடந்த நாட்டில், மட்சுமொட்டோ என்ற மலைநாட்டு நகரில் அவர் இம்முறையைத் தொடங்கினார். 1961இல் முதுபெரும் செல்லோ வித்துவான் பப்லோ கசல்ஸ் ரோக்கியோவுக்கு வந்தபோது ஏறக்குறைய நானூறு சிறுவர்கள் அவர்முன் ஒன்றாக வாசித்தார்கள். கிழவர் அழுதுவிட்டார்.

அமெரிக்காவுக்கு இச்செய்தி எட்டியது ஒரு படச்சுருளின் மூலம். யப்பானியப் பிள்ளைகள் பாக்கின் இரட்டை வயலின் இசையை வாசிக்கும் அப்படம் 1958இல் ஒகாயோ மாநிலத்தின் ஒபர்லினில் காட்டப்பட்டது. 1964இல் சுசுக்கியே பத்துச் சிறுவர்களை அழைத்துச் சென்றார். 1971இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் பொயின்ற் என்ற ஊரில், மாஜரி ஏபர் என்ற ஆசிரியை அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கோடை முகாம் ஒன்றை ஆரம்பித்தார். விடுமுறையில் காலியாகக் கிடக்கும் மாணவர் விடுதிகளில் குடும்பங்கள் வந்து தங்கும். பதினாறில் ஒன்று எனப்படும் மிகச் சிறிய வயலினைத் தூக்கிக்கொண்டு நான்கு வயதுப் பிள்ளை முன்னே ஓட, பாயும் பையும் சுமந்துகொண்டு தகப்பன் பின்னே ஓடும் காட்சி அத்தகைய முகாம்களில் சாதாரணமானது. காலையில் மூன்று நான்கு பிள்ளைகள் கொண்ட சிறு வகுப்பு. ஆசிரியரும் பிள்ளையும் ஒருவரையொருவர் தலைகுனிந்து வணங்கிய பின்னரே பாடம் தொடங்கும். பிறகு பலர் சேர்ந்து வாசிக்கும் வகுப்பு. பெற்றோருக்கெனத் தனி விரிவுரை. மாலையில் கச்சேரி.

இம்முறையிலே மிக முக்கியமான விதி ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் வயலினைப் பிள்ளையின் கையில் கொடுப்பதில்லை. தாயின் கையில் கொடுக்கிறார்கள். முதலாவது பாட்டைத் தாய் வாசிக்கப் பழக வேண்டும். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். சில நாளில் 'எனக்கும் தா' என்று அது தானாகவே கேட்கும்.

இது ஒருவகைத் தந்திரமல்லவா, விருப்பத்தைத் திட்டமிட்டு ஊட்டுவதல்லவா என்று ஒருவர் கேட்டால், ஆம், தந்திரந்தான். நான்கு வயதுப் பிள்ளைக்கு வயலின் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் ஆற்றல் ஏது? அதன் சம்மதமின்றி அதன் காலத்தை நாம் எடுத்துக்கொள்வது நியாயமா? இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆயினும் தாய்மொழியை எந்தப் பிள்ளையின் சம்மதத்தைக் கேட்டுக் கற்பித்தோம்? அதனை வற்புறுத்தல் என்று எவரும் சொல்வதில்லை. காரணம், தாய் அம்மொழியிலேயே வாழ்கிறாள். சோறு சமைக்கும்போதும் சண்டை பிடிக்கும்போதும் அவள் பேசுவது அதே மொழி. தான் பேசாத மொழியைப் பிள்ளை பேச வேண்டும் என்று கட்டளையிடும்போதுதான் அது வற்புறுத்தலாகின்றது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் எம்மவர் பலர் இதனை நன்கறிவர். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளையைத் தவறாமல் ஏற்றி இறக்கிவிட்டு, வரும் வழியெல்லாம் அதனோடு வேறு மொழியிற் பேசினால் அந்த வகுப்பு என்ன செய்யும்? செபமாலைக்குப் பிள்ளைகளை முழங்காலில் இருத்திவிட்டுத் தாம் வாசலில் கதைத்துக்கொண்டிருக்கும் பெற்றோரையும் நாம் பார்க்கிறோம்.

ஆகவே பிள்ளையிடம் ஒன்றைக் கேட்கும் உரிமை, அந்த உழைப்பில் தானும் பங்கெடுப்பவருக்கே உண்டு என்று எனக்குத் தோன்றுகின்றது. பெரிய உத்தியோகத்திலிருக்கும் தகப்பன், முகாமிலே வில்லைப் பிடிக்கத் தெரியாமல் விழித்து, ஆறு வயது மகளால் திருத்தப்படுகிறான். அது அவனுக்கு அவமானமல்ல. கற்பது எவ்வளவு வலிக்கும் என்பதை அவன் மறந்து இருபது வருடமாகியிருக்கும்.

ஆனால் சுசுக்கியின் கொள்கைக்கு ஒரு கூரான மறுபக்கமும் உண்டு. திறமை பிறவியில் வருவதில்லை, எந்தப் பிள்ளையாலும் முடியும் என்றால், முடியாமற்போன பிள்ளைக்கு யார் பொறுப்பு? பெற்றோர்தாம் என்றாகிவிடும். பிள்ளையை விடுவித்த அதே வசனம் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றது. ஏற்றப்பட்டவர் சும்மா இருப்பாரா? தம் அச்சத்தைப் பிள்ளையின் தலையிலேயே இறக்கிவைப்பார். வயலின் பாடங்கள் பத்துப் புத்தகங்களாக வகுக்கப்பட்டுள்ளன. முகாமின் உணவு மண்டபத்தில் பெற்றோர் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி, 'உங்கள் பிள்ளை எத்தனையாம் புத்தகம்?' என்பதுதான். பிள்ளை முதன்முதலில் 'ம்மா' என்று சொன்ன நாளில் எந்தத் தாயும் அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கவலைப்பட்டதில்லை. மழலையைத் திருத்தி அடித்ததுமில்லை. தாய்மொழி முறை என்று பெயர் வைத்துக்கொண்டு, தாயின் அந்தப் பொறுமையை மட்டும் விட்டுவிட்டால் மிஞ்சுவது என்ன? எமது நாட்டில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக் காலத்தில் மிஞ்சுவது எதுவோ, அதுவே அங்கும் மிஞ்சும்.

பிறப்புக்குப் பங்கே இல்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. ஆங்கிலத்தில் திறமையைக் குறிக்கும் 'டலன்ட்' என்ற சொல், நற்செய்தியின் தாலந்து உவமையிலிருந்தே அப்பொருளைப் பெற்றது. அந்த உவமையில் தலைவன் எல்லாருக்கும் ஒரே தொகையைக் கொடுக்கவில்லை. இரண்டைப் பெற்றவனிடம் ஐந்தைப் பெற்றவனின் கணக்கைக் கேட்கவுமில்லை. சுசுக்கியும் தம் நோக்கம் சங்கீத வித்துவான்களை உருவாக்குவதல்ல, நல்ல உள்ளம் படைத்த மனிதரை வளர்ப்பதே என்று ஓயாமற் சொல்லிவந்தார். இம்முறையிற் பயில்வோரின் கச்சேரிகள் பல அதற்கேற்பவே அமைகின்றன. கடினமான பாடல் முதலில் வரும். தேர்ந்த சிலரே எழுந்து வாசிப்பர். பாடல்கள் எளிதாக எளிதாக, இளையவர்கள் வந்து சேர்வர். கடைசியில் எல்லாருக்கும் தெரிந்த அந்த முதற் பாட்டை, பதினேழு வயது இளைஞனும் நான்கு வயதுச் சிறுமியும் ஒன்றாக வாசிப்பர். கீழே இறங்கி வருவதற்குத் தேர்ந்தவனுக்குக் கற்பிக்கும் பரீட்சை எதுவும் எம்மிடம் இல்லை.

இன்னொரு கேள்வியும் எஞ்சி நிற்கின்றது. ஒரு வாரம் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு முகாமில் இருக்கக்கூடிய தாய் யார்? இரவு வேலைக்குப் போகின்றவள் அல்ல, கூலிக்காரி அல்ல, தனித்து நின்று பிள்ளை வளர்ப்பவளும் அல்ல. 'எந்தப் பிள்ளையாலும் முடியும்' என்ற வசனத்துக்குள்ளே 'எந்தத் தாயாலும் முடியும்' என்ற இன்னொரு வசனம் ஒளிந்திருக்கின்றது. அது உண்மையல்ல. சில குடும்பங்களில் பேத்தியாரோ பெரியப்பாவோ அந்த இடத்தை நிரப்புகின்றனர். அதற்கும் ஆளில்லாத பிள்ளையை என்ன செய்வது?

இதற்குக் கொள்கையில் விடை தேடுவதைவிட, சுசுக்கி செய்ததைப் பார்ப்பது நல்லது. போருக்கு முன் அவரிடம் கற்ற கோஜி தொயோதா என்ற சிறுவன் பெற்றோரை இழந்து எங்கோ தொலைந்துபோனான். போர் முடிந்ததும் சுசுக்கி வானொலியில் அறிவித்தல் கொடுத்துத் தேடினார். மாமன் ஒருவரின் மதுக்கடையில் அவன் வேலை செய்துகொண்டிருந்தான். வயலினைத் தொட்டு ஆண்டுகள் சில ஆகியிருந்தன. அவர் அவனை மட்சுமொட்டோவிலுள்ள தம் வீட்டுக்கே அழைத்து வந்தார். கடையிற் பழகிய முரட்டுப் பேச்சும் நடத்தையும் அவனோடு கூடவே வந்தன. வீட்டாரை அழைத்து, பையனை ஏசித் திருத்த வேண்டாம், நாங்கள் ஒருவரோடொருவர் பேசும் விதத்தைத் திருத்திக்கொள்வோம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அச்சிறுவன் பிற்காலத்தில் பேர்ளின் வானொலி வாத்தியக் குழுவின் முதல் வயலின் கலைஞனாக விளங்கினான்.