பசுமைக்குடிலுக்குள் எது காக்கிறது?

மெல்லிய இரும்புக் குழாய்களாலான சட்டத்தின்மேல் ஒளி புகும் பாலித்தீன் உறையைப் போர்த்தி, முன்புறத்தில் ஜிப் வைத்த நான்கு தட்டு அலமாரியே வீட்டுத் தோட்டத்துக்கான சிறிய நெகிழிப் பசுமைக்குடில். இங்கிலாந்தில் இலையுதிர்காலம் முடியும் தறுவாயில், குளிர் தாங்காத செடிகள் பல வீடுகளில் இதற்குள் குடியேறுகின்றன. உறைக்குள் வைத்த செடிக்கு இனிக் குளிராது என்பதே வாங்குபவரின் பொதுவான நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்று ஆராயப் புகுந்தால், ஓர் உயிரைக் காத்தல் என்ற செயலில் உறைக்குள்ள பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்ற பெரிய கேள்வியில் போய் நிற்க நேரும்.

பசுமைக்குடில் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. பகல் வெயில் உறையைக் கடந்து மண்ணையும் தொட்டிகளையும் சூடாக்க, அவற்றைத் தொட்டுச் சூடேறிய காற்று மேலெழுந்து கலைந்துவிடாதபடி உறை அடைத்துவைக்கிறது. கண்ணாடி அகச்சிவப்புக் கதிர்களை, அதாவது சூடான பொருள்கள் கண்ணுக்குத் தெரியாமல் வீசும் வெப்பக் கதிர்களை, மறிப்பதால்தான் குடில் சூடாகிறது என்ற வழக்கமான விளக்கத்தை அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1909இல் சோதித்துப் பார்த்தார். அக்கதிர்களை மறிக்கும் கண்ணாடியால் ஒரு பெட்டியையும், அவற்றை ஊடுருவ விடும் பாறை உப்புத் தகட்டால் மற்றொன்றையும் மூடி அவர் வெயிலில் வைத்தபோது, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடேறின. பாலித்தீனும் வெப்பக் கதிர்களைப் பெருமளவு வெளியே விட்டுவிடும் பொருள் ஆகையால், மேகமின்றிக் காற்றும் அசையாத இரவில் குடிலின் உள்வெப்பநிலை விடிவதற்குள் வெளியே உள்ள அளவுக்கு இறங்கிவிடுவதுண்டு. சில வேளை அதற்கும் கீழே போவதுமுண்டு. எந்த இரவுக்காக வாங்கப்பட்டதோ அந்த இரவிலேயே அது கைவிடுகிறது.

பகலில் தொல்லை வேறு வகையானது. பிப்ரவரி மாதத்து வெயில் ஒரு மணி நேரம் நேராக விழுந்தால் போதும், ஜிப் திறக்கப்படாத குடில் அடுப்பங்கரையாகிவிடும். மாலையில் அதே காற்று குளிரும்போது ஈரம் உறையின் உட்புறத்தில் துளித்துளியாகக் கோத்து, கீழ்த்தட்டில் உள்ள ஜெரேனியத்தின் இலைகள்மேல் சொட்டுகிறது. சில நாட்களில் அங்கே பழுப்புப் புள்ளி தோன்றி, அதன்மேல் சாம்பல் பூத்ததுபோல் பூஞ்சை படர்கிறது. குளிரில் மடியும் செடிகளைவிட இந்தப் புழுக்கத்தில் அழுகும் செடிகள் குறைவு என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. பலத்த காற்றில் குடில் தொட்டிகளோடு குப்புற விழாதிருக்க அடித்தட்டில் செங்கற்களை அடுக்கிச் சட்டத்தைச் சுவரோடு கட்டவும் வேண்டும்.

இதே பாலித்தீன் லடாக்கில் வேறு விதமாக வேலை செய்கிறது. ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் குளிர்கால இரவுகள் சுழியத்துக்குக் கீழே 20 பாகை வரை இறங்கக்கூடியவை. கணவாய்கள் பனியால் மூடப்பட்டால் பச்சைக் காய்கறி சாலைவழி வந்து சேருவது நெடுங்காலமாகவே அரிதாக இருந்தது. அங்கே ஏறத்தாழ மூன்று அடி ஆழத்துக்கு அகழி தோண்டி, அதன்மேல் கழிகளைக் குறுக்கே கிடத்திப் பாலித்தீன் தாளை விரித்து, இரவில் அதன்மேல் இன்னொரு போர்வையும் போட்டுக் கீரையும் கொத்தமல்லியும் வளர்க்கிறார்கள். மற்றொரு வகைக் குடிலில் மூன்று பக்கமும் மண் கற்சுவர். தெற்கு நோக்கிய சரிவில் மட்டும் பாலித்தீன். வடக்குச் சுவரின் இடைவெளியில் வைக்கோல் அடைப்பு, உட்புறத்தில் கறுப்புப் பூச்சு. மலைநாட்டின் தெளிந்த வெயிலைப் பகல் முழுதும் வாங்கிக்கொண்ட தடித்த சுவர் இரவெல்லாம் அதைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தருகிறது. அகழியிலோ, மேல்மண் உறைந்தாலும் ஆழத்து மண் அவ்வளவு குளிர்வதில்லை. தாள் வெறும் மூடி. சேர்த்துவைக்க ஏதுமற்ற இடத்தில் மூடி இருந்தென்ன, இல்லாமலிருந்தென்ன? இங்கிலாந்து அலமாரிக் குடிலைச் செங்கற்சுவரை ஒட்டி நிறுத்தி, உள்ளே சில கேன்களில் நீர் நிரப்பி வைப்பவர் இதே வழியைத்தான் சிறிய அளவில் பின்பற்றுகிறார்.

சேமிப்புக்கு அடுத்தபடியாகக் காப்பது ஆள் உழைப்பு. உரோமப் பேரரசர் திபேரியசு நாள்தோறும் வெள்ளரிக்காய் உண்ண விரும்பியதால், சக்கரம் பூட்டிய பாத்திகளில் அதை வளர்த்து வெயிலுக்குத் தள்ளிச் சென்றதையும், குளிர்நாட்களில் ஒளி புகும் கல் தகடுகளின் கீழ் கொண்டுவந்து வைத்ததையும் உரோம எழுத்தாளர் பிளினி பதிவு செய்திருக்கிறார். அந்தத் தகட்டை வியந்து பேசும் தோட்டக்கலை வரலாறுகள் பாத்திகளைத் தள்ளியவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. காலையில் திறப்பதும் பொழுது சாயுமுன் மூடுவதும் இன்றைக்கும் குறையாத வேலை. அதைச் செய்ய ஆளில்லாத வீட்டில் குடில் நிற்பதைவிட நில்லாதிருப்பது நல்லது.

எல்லாச் செடிக்கும் காப்பு தேவை என்பதுமில்லை: ஆப்பிளும் தூலிப்பும் குளிர் பட்டால்தான் ஒழுங்காகப் பூக்கும்.

ஆகவே வெப்பமூட்டப்படாத நெகிழிக் குடிலை, மழையில் நனைந்தும் காற்றில் அலைந்தும் நையக்கூடிய, ஆனால் ஓரளவு குளிர் தாங்கும் செடிகளுக்கே நம்பலாம். இலண்டனில் வாழும் தமிழர்கள் தொட்டியில் வளர்க்கும் கறிவேப்பிலை அந்த வகையைச் சேர்ந்ததன்று. அக்டோபர் முடிவதற்குள் அதை வீட்டுக்குள் வெளிச்சமுள்ள சன்னலோரம் கொண்டுவந்து, தண்ணீரைக் குறைத்து ஊற்ற வேண்டும்.