செஞ்சியில் சாமி எங்கே இருக்கிறது?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் உலாவப் போகிறவர்கள் காந்தி சிலையடியில் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்களும் அந்தப் படங்களில் விழுந்துவிடும். நல்ல வேலைப்பாடு கொண்ட தூண்கள். அவை அந்த இடத்துக்காகச் செதுக்கப்பட்டவை அல்ல. செஞ்சி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த 18ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டவை. கோட்டைக்குள் இருக்கும் வெங்கடரமணர் கோயிலின் தூண்கள் அவை என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

சாமிக்கு மண்டபம் தாங்கிய தூண் இன்று ஒரு நகரத்தின் அழகுக்காக நிற்கிறது. அதில் இன்னும் ஏதாவது புனிதம் மிச்சம் இருக்கிறதா? தூண்களை இழந்த அந்தக் கோயில், கோயில்தானா? செஞ்சிக்குப் போகிறவர்கள் இந்தக் கேள்விகளைத் தாண்டிப் போக முடியாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை வளைத்துக்கொண்டு ஓடும் மதிலுக்குள்ளும் வெளியிலும், சாமி வந்ததும் போனதும் தங்கியதுமாக ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக் கதை பாறை பாறையாகக் கிடக்கிறது.

வெங்கடரமணர் கோயில் 16ஆம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் எழுந்தது. கோபுர வாசலின் பக்கச் சுவர்களில் ராமாயணக் காட்சிகள், பாற்கடல் கடைதல், அவதாரங்கள் எல்லாம் இன்றும் தெளிவாக இருக்கின்றன. கோட்டைக்குள் உள்ள கோயில்களில் இதுவே பெரியது. ஆனால் நாள்தோறும் நடந்த பூசை அறுந்துபோய் நெடுங்காலம் ஆகிவிட்டது. பிராகாரத்தில் நடக்கிறவர்களில் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறார்கள், சிலர் கழற்றுவதில்லை. யாரும் யாரையும் எதுவும் சொல்வதில்லை. என்ன சொல்வது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாத இடம் அது.

ஆகமத்தைக் கேட்டால் அதனிடம் ஒரு பதில் இருக்கிறது. கல்லில் தானாக இறைவன் இல்லை. பிரதிஷ்டை செய்து எழுந்தருளச் செய்கிறார்கள். திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மந்திரங்களால் மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு இறக்கி, சிற்றாலயம் ஒன்றில் வைத்துப் பூசை நடத்துவார்கள். வேலை முடிந்து குடமுழுக்கு நடக்கும் நாளில் அதே சக்தி மறுபடியும் மூலவரிடம் சேரும். இறைவனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு முறைப்படி அழைத்துச்செல்லும் வழியை ஆகமமே வகுத்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி, சக்தி நீங்கிய கருவறை வெறும் அறை.

சட்டம் வேறு மாதிரிப் பேசியிருக்கிறது. தஞ்சை வட்டாரத்தில் பத்தூரில் 1976இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த நடராசர் சிலை கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தது. அதை மீட்க நடந்த வழக்கில், இடிந்து கிடந்த ஒரு கோயிலுக்கு வழக்காடும் உரிமை உண்டா என்பதே பெரிய கேள்வி ஆனது. உண்டு என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் ஏற்றுக்கொண்டது. நடராசர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். பூசை இல்லை, கூரை இல்லை, அர்ச்சகர் இல்லை. இருந்தும் கோயில் செத்துப்போகவில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் பொருள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் வைத்த நேர்ச்சை, சுவர் விழுந்ததால் மட்டும் விழுந்துவிடாது. இந்தக் கருத்தில் ஆழம் இருக்கிறது. செஞ்சியின் கற்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் செஞ்சி தன்னுடைய பதிலை வேறு விதமாக, தன் வரலாற்றிலேயே சொல்லி வைத்திருக்கிறது.

1323இல் டெல்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது, உற்சவர் நம்பெருமாளை எடுத்துக்கொண்டு பிள்ளை லோகாசாரியரும் அவரைச் சேர்ந்தவர்களும் வெளியேறினார்கள். வயது முதிர்ந்த ஆசாரியர் வழியிலேயே பரமபதித்தார். பெருமாள் ஊர் ஊராகப் போனார். மலைநாடு, மைசூர்ப் பக்கம் என்று சுற்றிக் கடைசியில் திருமலையில் தங்கினார். விஜயநகர ஆட்சி தெற்கே பரவியபோது செஞ்சியில் அதிகாரியாக இருந்தவர் கோபணார்யர். அவர்தான் திருமலையிலிருந்து பெருமாளைச் செஞ்சிப் பக்கம் அழைத்து வந்து வைத்திருந்து, 1371இல் திருவரங்கத்தில் மறுபடி எழுந்தருளச் செய்தார். திருவரங்கம் கோயிலில் இதைச் சொல்லும் வடமொழிச் சுலோகக் கல்வெட்டு இருக்கிறது. அதை இயற்றியவர் வேதாந்த தேசிகர் என்பது வைணவ மரபு. ஏறத்தாழ அரை நூற்றாண்டு பெருமாள் அகதியாக இருந்தார். அந்த ஆண்டுகளில் அவர் எங்கே தங்கினாரோ அங்கேதான் அரங்கம் இருந்தது என்று அடியார்கள் நம்பினார்கள்.

அவர் செஞ்சியில் தங்கியதாகச் சொல்லப்படும் சிங்கவரத்தில் இன்னொரு அரங்கநாதர் இருக்கிறார். பல்லவர் காலக் குடைவரையில், மலைப்பாறையிலேயே வடிக்கப்பட்டு, நீண்ட உருவமாகப் பள்ளிகொண்டவர். இவரை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. படை வந்தாலும் பிரெஞ்சுக்காரர் வந்தாலும் மலையோடு சேர்த்துத்தான் பெயர்க்க வேண்டும். செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கின் குலசாமி இவர்தான் என்பது கதைப்பாடல் மரபு. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துப் போருக்குக் கிளம்பும் முன் தேசிங்கு உத்தரவு கேட்க வந்தான். போக வேண்டாம் என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை மீறிப் போன தேசிங்கும் உயிர்த்தோழன் மகபத்கானும் களத்தில் மாண்டார்கள். ஊர் சொல்லும் கதை இது. நகர முடியாத சாமியை மக்கள் கழுத்தைத் திருப்ப வைத்தார்கள். அசையாத கல்லுக்கும் மனிதர்களோடு உறவு வேண்டியிருக்கிறது. வென்ற நவாப் கோட்டைக்குள் கட்டிய பள்ளிவாசலும் வெங்கடரமணர் கோயிலுக்கு வெகு தூரத்தில் இல்லை.

புனிதம் என்பது உறவுதான் என்று இந்த எழுத்து நம்புகிறது. கல் ஒரு பக்கம், வருகிறவர் இன்னொரு பக்கம். இடையில் நடப்பதுதான் சாமி. இதை நம்பாதவர்கள் சித்திரை மாதத்தில் ராஜகிரி ஏறிப் பார்க்கலாம். உச்சிக் கோட்டைக்குப் போகும் வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில் இருக்கிறது. கோன் மரபு அரசர்கள் கோட்டை கட்டத் தொடங்கிய காலத்துக்கும் முன்பே இந்த மலை அவளுடையது என்கிறார்கள் ஊர்க்காரர்கள். நாயக்கர், பீஜப்பூர்ச் சுல்தான், மராட்டியர், மொகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கோட்டை எத்தனையோ கை மாறியது. எல்லோரும் போய்விட்டார்கள். சித்திரைத் திருவிழாவுக்குக் கூழ்ப்பானையும் பூக்கூடையுமாகப் படியேறுகிற கூட்டம் போகவில்லை. வெங்கடரமணர் கோயிலோடு ஒப்பிட்டால் கட்டடம் என்று சொல்ல இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. சிற்பக்கலை நூல்கள் இதற்கு ஒரு வரி ஒதுக்கினாலே அதிகம். ஆனால் மூன்று குன்றிலும் அறுபடாத வழிபாடு எது என்று கேட்டால் இந்த அம்மனைத்தான் காட்ட வேண்டும்.

பழைய செஞ்சி என்று அழைக்கப்படும் மேலச்சேரி இன்னும் பெரிய சாட்சி. வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கு மேலச்சேரிக் கோயிலையே ஆதி பீடமாக மதிக்கிறார்கள். பாரதக் கதையில் இமயம் நோக்கிப் போய் முடிந்துவிட்ட திரௌபதி, செஞ்சி மன்னன் ஒருவனுக்கு உதவ மறுபடி தோன்றினாள் என்பது இந்த மண்ணின் கதை. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாடு பற்றி எழுதிய பெருநூலின் முதல் தொகுதி 1988இல் வந்தது. அதன் துணைத்தலைப்பிலேயே செஞ்சியும் குருக்ஷேத்திரமும் சேர்ந்து நிற்கின்றன. அந்த அம்மனுக்குக் காவல் நிற்பவர்களில் ஒருவர் போத்துராஜா. இன்னொருவர் முத்தால் ராவுத்தர். ராவுத்தர் முஸ்லிம். அவருக்கும் திரௌபதி கோயில்களில் இடம் உண்டு, படையல் உண்டு. இந்த ஏற்பாட்டை யாரும் மாநாடு போட்டுத் தீர்மானிக்கவில்லை. வயலில் வேலை செய்கிறவர்களும் கூத்தாடிகளும் பூசாரிகளுமாகச் சேர்ந்து, தலைமுறை தலைமுறையாகச் செய்து வைத்த ஏற்பாடு அது.

விழா நாட்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் தெருக்கூத்து. கட்டியக்காரன் வந்து தொடங்கி வைக்க, விடிய விடிய வில் வளைப்பும் துகிலுரிதலும் அர்ச்சுனன் தபசும் நடக்கும். கடைசி நாள் படுகளம். ஊர்ப் பொட்டலில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள், பல ஆள் நீளத்துக்கு. பீமன் வேடக்காரர் தொடையைப் பிளக்கிறார், திரௌபதி விரித்த கூந்தலை முடிக்கிறாள், அதன் பிறகு தீமிதி. இங்கே மேடை எது, சன்னிதி எது என்று பிரித்துக் காட்ட முடியாது. வேடம் கட்டியவர் மேல் சாமி வருகிறது. பார்க்க வந்தவர் தீயில் இறங்குகிறார். கலையும் வழிபாடும் தனித்தனி என்று நினைக்கிறவர்கள் செஞ்சிப் பக்கத்துப் படுகளத்தில் ஒரு பகல் நிற்க வேண்டும். அங்கே கல்லால் ஆனது எதுவும் இல்லை. மண் துரியோதனன் அடுத்த மழையில் கரைந்துவிடுவான்; அடுத்த ஆண்டு மறுபடி எழுவான்.

கல்லே வேண்டாம் என்று போனவர்களும் இங்கே உண்டு. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களையும் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் உள்ள பழைய கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்ட இடம் அது என்று சொல்கிறது. வட்டெழுத்தின் தொடக்க கால வடிவத்தில் உள்ள அந்தச் சில சொற்களைத் தமிழ் எழுத்து வரலாறு படிப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். அவரைத் தொழ ஒரு சிலை தேவைப்படவில்லை. ஒரு மனிதர் எல்லாவற்றையும் விட்டு நீங்கிய இடம் என்பதே அந்தப் பாறையைப் புனிதமாக்கியது. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இன்றும் அருகில் மேல்சித்தாமூரில்தான் இருக்கிறது.

2025 ஜூலையில் பாரிசில் கூடிய யுனெஸ்கோ குழு, இந்தியாவின் மராட்டியர் கால இராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் மராட்டிய மாநிலத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை செஞ்சி. பெருமைப்பட வேண்டிய செய்தி. சிவாஜி 1677இல் கைப்பற்றி வலுப்படுத்திய கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் மொகலாயரின் நீண்ட முற்றுகையைத் தாங்கியதும் இங்கேதான். 1698இல்தான் கோட்டை விழுந்தது. ஆனால் அது 21 ஆண்டுக் கதை. பட்டியலில் ஏறிய பெயர் இராணுவத்தைப் பற்றியது. மதிலும் பீரங்கியும் தானியக் களஞ்சியமும் அந்தப் பெயருக்குள் அடங்கும். கமலக்கண்ணிக்குக் கொண்டுவரும் கூழ்ப்பானை அடங்காது.

இனி வெளியூர்க் கூட்டம் கூடும். விளக்குப் பலகைகளும் ஒளி ஒலிக் காட்சிகளும் வரக்கூடும். அதில் தவறில்லை. கவலை வேறிடத்தில் இருக்கிறது. வேலியும் சீட்டும் நேரக் கட்டுப்பாடும் வரும்போது முதலில் ஒதுங்குகிறவர் பானையோடு படியேறும் கிழவிதான். பழைய நினைவுச்சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டமே, வழிபாட்டிடமாக உள்ள சின்னத்தை அதன் இயல்புக்குப் பொருந்தாத காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அந்த விதியை முழு மனத்தோடு நடத்தினால் போதும்.

இரண்டும் சேர்ந்து நடக்க முடியும் என்பதற்குச் சிங்கப்பூர் சான்று. சைனாடவுன் நடுவே சவுத் பிரிட்ஜ் சாலையில் நிற்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1973 முதல் அந்நாட்டின் தேசிய நினைவுச்சின்னம். உலகெங்கிலிருந்தும் சுற்றுலாப் பயணிகள் வந்து கோபுரத்தைப் படம் எடுக்கிறார்கள். அதே கோயிலில்தான் ஆண்டுதோறும் ஐப்பசியில் திரௌபதிக்காகத் தீமிதி நடக்கிறது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் ஊர்வலமாக நடந்து வருவதற்கு அந்தப் பெருநகரம் வழி விடுகிறது. கப்பலேறிப் போன அம்மனுக்கு அங்கே கிடைக்கும் மரியாதை, அவளுடைய ஆதி பீடம் இருக்கும் ஊரிலும் கிடைக்க வேண்டும்.

தொல்லியல் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். சித்திரைத் திருவிழா நாட்களில் ராஜகிரி ஏறுகிறவர்கள் அம்மனைப் பார்க்க வந்தவர்கள், சுற்றுலாப் பயணிகள் அல்லர். அவர்களுடைய நாள்களும் பாதையும் நேரமும் கோட்டையைப் பராமரிக்கும் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கோட்டையோடு திரும்பிவிட வேண்டாம். சிங்கவரம், திருநாதர்குன்று, மேலச்சேரி மூன்றும் செஞ்சியிலிருந்து சில கிலோமீட்டரில்தான் இருக்கின்றன. காலையில் கிளம்பினால் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.