பெண்ணுக்கு எட்டு, ஆணுக்கு ஐந்து

தமிழ் இலக்கணம் தொழிலைக் கூலியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. சமைத்தல், துவைத்தல், பெருக்குதல், ஏன், தூங்குதல்கூடத் தொழிற்பெயர்தான். வகுப்பில் இதை நடத்தும்போது மாணவிகள் யாரும் மறுப்பதில்லை. அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் மட்டும், "வீட்ல சும்மாதான் இருக்காங்க மேடம்" என்று பதில் வரும். அரசின் பதிலும் அதுவாகத்தான் இருந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பிச்சையெடுப்போர், சிறைக்கைதிகள் ஆகியோருடன் சேர்த்து 'வேலை செய்யாதோர்' வரிசையில் வைத்தது. உச்ச நீதிமன்றமே 2010இல் ஒரு தீர்ப்பில் இதைக் கண்டித்தது.

எது தொழில், அதை யார் முடிவுசெய்வது என்ற இதே கேள்வி ஒரு மருத்துவப் படிப்பின் உள்ளேயும் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவள் திருவொற்றியூரில் எங்கள் தெருப் பெண். ஆக்குபேஷனல் தெரபியில் முதுகலை இரண்டாமாண்டு படிக்கிறாள். தினமும் பீச் ஸ்டேஷனில் ரயில் மாறி நகரின் தென்கோடிக்குப் போய்வருகிறாள். ஆய்வேட்டுக்கான கேள்விகளை நோயாளிகளுக்குப் புரியும் தமிழில் எழுதித் தரும்படி கேட்டு வந்தாள். அந்தப் படிப்பைச் சிலர் செயல்முறை மருத்துவம் என்கிறார்கள், சிலர் தொழில்சார் சிகிச்சை என்கிறார்கள். நோயோ விபத்தோ பறித்துக்கொண்ட அன்றாடச் செயல்களை மனிதர்களுக்கு மீட்டுத் தருவதுதான் அதன் வேலை: பொத்தான் போடுவது, டம்ளரைப் பிடிப்பது, பஸ் ஏறுவது, வேலைக்குத் திரும்புவது. 1917இல் அமெரிக்காவில் இத்துறைக்கு ஒரு சங்கம் உருவானது. இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் ஒரு பெண். அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கே வாழ்ந்த கமலா நிம்ப்கர், 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

வடசென்னைக்கு இந்தத் துறையின் தேவையை விளக்க வேண்டியதில்லை. துறைமுகம், வார்ப்படச் சாலைகள், பிரஸ் மெஷின்கள், லேத் பட்டறைகள் உள்ள ஊர் இது. விரல் போன ஆளைத் தெரியாத தெரு இங்கே குறைவு. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று எங்கள் பாட்டிமார் சொன்ன ஸ்டான்லி மருத்துவமனையில், டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே தனித்துறையை வளர்த்ததும் இந்த மண்ணின் தேவையால்தான். விரலுக்குச் சட்டத்திலும் கணக்கு உண்டு. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு போனதாகக் கணக்கிட்டது, ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. இந்தக் கையால் எவ்வளவு சம்பாதித்தாய் என்று சட்டம் கேட்கிறது. இந்தக் கையால் என்னவெல்லாம் செய்தாய் என்று இந்தச் சிகிச்சை கேட்கிறது. இரண்டாவது கேள்வி பெரியது. ஆனால் அதற்குள்ளும் ஒரு பாரபட்சம் புகுந்துவிட முடியும்.

அவள் கொண்டுவந்த தாள்களில் ஓர் அளவுகோல் இருந்தது. முதியவர் ஒருவரால் பிறர் உதவியின்றி வாழ முடியுமா என்று அளக்க லாட்டன், எலெய்ன் பிராடி என்ற இருவர் 1969இல் அமெரிக்காவில் வெளியிட்டது. இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. தொலைபேசி, கடைக்குப் போதல், சமையல், வீட்டைப் பேணுதல், துணி துவைத்தல், பயணம், மருந்து, பணம் என்று எட்டுச் செயல்கள். மூல வடிவத்தில் எட்டும் பெண்களுக்கு மட்டுமே. ஆண்களுக்குச் சமையல், வீட்டைப் பேணுதல், துணி துவைத்தல் மூன்றையும் விட்டுவிட்டு ஐந்துதான். இப்போது இருபாலருக்கும் எட்டையும் கேட்கும்படி பரிந்துரைக்கிறார்கள்.

ஐந்துக்கு ஐந்து எடுத்த ஆண் முழுத் தற்சார்புள்ளவர். அவர் வாழ்நாளில் உலை வைத்ததில்லை என்பது அவரது குறையே அல்ல. அதே வீட்டில் பக்கவாதம் வந்த மனைவி சமைக்க முடியாவிட்டால் அவர் மதிப்பெண் குறைகிறது, அவர் சார்ந்து வாழ்பவர் ஆகிறார். இருவருக்கும் வேறொருவர்தான் சோறு போடுகிறார். ஒருவரின் சார்பு மட்டும் கணக்கில் ஏறுகிறது. அளவுகோலை உருவாக்கியவர்களைத் தீயவர்கள் என்று சொல்லிவிட முடியாது. இதே பிராடிதான் 1981இல், முதிய பெற்றோருக்கும் சொந்தக் குடும்பத்துக்கும் நடுவே நசுங்கும் பெண்களைப் பற்றி எழுதி உலகின் கவனத்தை ஈர்த்தார். உலகம் அன்று எப்படி இருந்ததோ அப்படியே தாளிலும் இறங்கியது. இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 97 நிமிடம்.

ஆள் யாரென்று சொல்லாமல் அவள் ஒன்றைச் சொன்னாள். காசிமேட்டில் மீன் வெட்டிக்கொடுத்துப் பிழைத்த ஓர் அம்மா, பக்கவாதத்தில் வலது கை போயிற்று. எதை முதலில் செய்ய முடியவேண்டும் என்று கேட்டால், "சோறு வடிக்கணும்மா. அதுகூட முடியலன்னா இந்த வூட்ல நான் எதுக்கு?" என்றாராம். மீன் வெட்டுவது இரண்டாவது. உங்களுக்காக மட்டும் என்ன செய்ய ஆசை என்று கேட்டபோது பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தாராம், பதில் சொல்லவில்லை.

"நோயாளி எதை விரும்புறாங்களோ அதுதான் இலக்குன்னு படிச்சிருக்கோம். இது அவங்க விருப்பமாக்கா?"

பெண்ணியம் படித்த நமக்குச் சட்டென்று ஒரு பதில் வரும்: இல்லை, இது பழக்கப்படுத்தப்பட்ட விருப்பம், இதற்குப் பயிற்சி தருவது சம்பளமில்லாத இயந்திரத்தைப் பழுதுபார்ப்பது. அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. சோற்றுப் பானை அந்த அம்மாவின் அதிகாரமும்கூட. யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் ஒரே இடத்தை அவரிடமிருந்து நாமும் பிடுங்கினால், வீட்டார் செய்வதையே வேறு பெயரில் செய்கிறோம். அதே நேரம் அவர் சொன்னதில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. முதலாவது விருப்பம். இரண்டாவது பயம். விருப்பத்துக்குப் பயிற்சி தரவேண்டும்: கனத்த பானையைக் கவிழ்க்காமல் சோற்றை அரித்தெடுக்கும் வழி, மீன் நழுவாதபடி ஆணி பதித்த பலகை. பயத்துக்கு அவருடைய கையில் மருந்தில்லை. அது வீட்டில் இருக்கிறது. மகனை அழைத்து உலை வைக்கக் கற்றுக்கொடுப்பதும் சிகிச்சையின் பகுதிதான். தன்னைப் பேணல், உழைப்பு, ஓய்வு என்று இத்துறை வாழ்க்கையை மூன்றாகப் பிரிப்பதே மேற்கத்திய நடுத்தர வர்க்கப் பார்வை என்று கனடாவில் வாழும் கரென் வாலி ஹாமெல் விமர்சித்திருக்கிறார். காசிமேட்டில் அந்த மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால், அதை அப்படியே மூடிவிட்டுப் போகக் கூடாது. மறுவாரமும் கேட்கவேண்டும், மகன் இல்லாத நேரத்தில்.

கேள்விகளைத் தமிழில் எழுதி முடித்தபோது, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி சேர்த்தோம்: 'இந்த வேலையை உங்கள் வீட்டில் வேறு யார் செய்யலாம்?' ஆண் நோயாளிகளிடமும் எட்டையும் கேட்பதாக அவள் முடிவுசெய்திருக்கிறாள். "சமையலுக்குப் பூஜ்யம் வந்தா, நோயினால வந்ததா, முன்னாடியே இருந்ததான்னு எப்படிக்கா எழுதுறது?" என்று கேட்டாள். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடச் சொன்னேன்.