கூடுதல் நூறு மெகாஹெர்ட்ஸ்

கிராஃபிக்ஸ் கார்டு பழையது. ஜிடிஎக்ஸ் 1060, 2016-ல் வந்த ரகம். விதித்த வேகம் 1506 மெகாஹெர்ட்ஸ். வேலை வந்தால் 1708-க்கு ஏறும். சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால் அதையும் தாண்டும். நாம் கை வைக்கும் முன்பே அது தன்னைத் தானே விரட்டிக்கொண்டுதான் இருக்கிறது. 2012-ல் கெப்ளர் தலைமுறையோடு என்விடியா கொண்டுவந்த ஏற்பாடு இது. நமக்கு விட்டுவைத்திருப்பது மிச்சத்தில் மிச்சம்.

அந்த மிச்சத்துக்காகத்தான் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள். கொஞ்சம் ஏற்றுவது, ஓடவிடுவது, பார்ப்பது, மறுபடி ஏற்றுவது. ஐந்து மெகாஹெர்ட்ஸ் கூட்டினால் பெரும்பாலும் ஒன்றும் அசையாது. உள்ளே அது ஏறத்தாழ 13 மெகாஹெர்ட்ஸ் படிகளாகத்தான் ஏறும், இறங்கும்.

*

கணக்குப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. 1900-ல் ஓடுவதோடு நூறு கூட்டினால் ஐந்து சதவீதம். துணி வாங்கும் பையருக்கு அனுப்ப வேண்டிய டீ-சர்ட் படத்தை முப்பரிமாணத்தில் ரெண்டர் செய்ய ஒரு மணி நேரம் ஆனால், மிஞ்சுவது மூன்று நிமிடம். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். இருந்தும் செய்கிறோம்.

*

அவிநாசி சாலையோரச் சிற்பக்கூடங்களைக் கடக்கும்போதெல்லாம், ஏற்றி ஏற்றிப் பார்க்கும் இந்த வேலை நினைவுக்கு வரும். கல்லைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு ஆண் கல், பெண் கல், அலிக்கல் என்று பிரிப்பது சிற்ப மரபு. தட்டிய இடம்தான் பேசும். உள்ளே ஓடும் ரேகை, உளி அங்கே போன பிறகே தெரியும்.

ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளும் அப்படியொரு தட்டல்தான். கார்டைக் கொதிக்க வைப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. அது தாங்கினால் எல்லாம் தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது வேறு. அந்தச் சுமையில் கார்டு தன் மின்வரம்பான 120 வாட்டை முட்டி, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. நாம் சோதிக்க நினைத்த உச்ச வேகத்துக்கு அது போகவே இல்லை. பிறகு ஏதோ ஒரு லேசான வேலையில், சுமையில்லாமல், உச்சத்துக்குத் துள்ளி ஏறும்போது விழுகிறது. திரை கறுக்கிறது. இரண்டு நொடி பதில் வராவிட்டால் விண்டோஸே டிரைவரைத் தட்டி எழுப்பும்.

3டிமார்க்கின் டைம் ஸ்பை சோதனை ஒரே காட்சியை இருபது சுற்று ஓட்டும். சுற்றுகளில் மிக மெதுவானது, மிக வேகமானதில் 97 சதவீதமாவது இருந்தால் தேர்ச்சி. அந்த இருபது சுற்றில் விழவில்லை என்பதற்கு மேல் அந்தத் தேர்ச்சிக்கு அர்த்தம் கிடையாது.

*

விழுவதாவது நேர்மை. நினைவகம் அப்படியில்லை. ஜிடிடிஆர்5-ல் தரவு போய்ச்சேரும்போது பிழை இருக்கிறதா என்று சரிபார்க்கும் வசதி உண்டு; பிழையென்றால் மறுபடி அனுப்பச் சொல்லும். வேகத்தைக் கூட்டக் கூட்ட, திரையில் ஒரு புள்ளிகூடப் பிசகாமல், சோதனையின் மதிப்பெண் மட்டும் மெல்ல இறங்கத் தொடங்கும். உள்ளே பிழைபட்டதெல்லாம் மறுபடி அனுப்பப்படுகிறது. வெளியே அமைதி. ஏற்றும் ஒவ்வொரு படியிலும் மதிப்பெண்ணை எழுதி வைத்தால்தான் இது பிடிபடும்.

*

மார்கழி இரவில் தேறிய அளவு சித்திரை மதியத்தில் தேறவில்லை. சிப் அதேதான். சூடேறினால் டிரான்சிஸ்டர்கள் மந்தமாகும், மின்கசிவும் கூடும். 60 டிகிரியில் சரியாக ஓடிய வேகம் 80-ல் பிழைபடலாம். அதோடு இந்த அவிநாசி சாலைக் காற்று. ஒருபுறம் நிட்டிங் யூனிட்டின் பஞ்சு, மறுபுறம் கல்லறுக்கும் தூசு. ஃபேன் பளிச்சென்று இருக்கும். கழற்றினால், அதற்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே கம்பளிபோல் ஒரு படலம். மேலிருந்து பார்த்தால் தெரியாது.

இந்தக் கார்டு எவ்வளவு தாங்கும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, ஊரையும் மாதத்தையும் கேட்காமல் பதில் சொல்ல முடிவதில்லை.

*

இப்போதெல்லாம் எதிர்த்திசையில் போகிறேன். சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும். வோல்டேஜோடு வர்க்கமாக ஏறும். அதே வேகத்தில் 1.05 வோல்ட்டை 0.95-க்கு இறக்கினால், இந்தக் கணக்கில் பதினெட்டு சதவீதம் மிச்சம். ஃபேன் அடங்குகிறது. மின்வரம்பை முட்டாததால் வேகமும் ஒரே சீராக நிற்கிறது. இதற்கும் அதே சோதனைகள்தான், அதே பொறுமைதான்: கூடுதல் வேகத்துக்கு விழும் சிப், குறைந்த வோல்டேஜுக்கும் அதே மாதிரிதான் விழும்.

ஆஃப்டர்பர்னரில் ஐந்து ப்ரொஃபைல் சேமித்துக்கொள்ளலாம். ஒன்று மார்கழிக்கு, ஒன்று சித்திரைக்கு என்று வைத்திருக்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று இறங்கும்போது மூன்றாவது வேண்டியிருக்குமா என்று பார்க்க வேண்டும்.