காணி யாருடையது?



1967ல் லின் வைற் என்ற அமெரிக்க சரித்திர ஆசிரியர் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எம்மீது ஒரு குற்றம் சுமத்தினார். உலகம் மனிதனின் உபயோகத்துக்கென்றே படைக்கப்பட்டது என்று மேற்குலகக் கிறிஸ்தவம் போதித்ததே இயற்கையின் சீரழிவுக்கு வேர் என்றார். கோபப்பட வேண்டாம். அதே கட்டுரையின் முடிவில் அவர் பரிகாரமாகக் காட்டியதும் எமது அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவையே. 1979ல் பாப்பரசர் 2ம் அருளப்பர் சின்னப்பர் அப்புனிதரைச் சுற்றாடல் பேணுவோரின் பாதுகாவலராக அறிவித்தார்.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் பூமியை ஆளும்படி பணிக்கப்படுகிறோம். இதை நன்றாய் நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாம் அதிகாரத்தில் அதே மனிதன் தோட்டத்தைப் பேணிக் காக்கும் வேலைக்கு அமர்த்தப்படுகிறான். இது ஏனோ மறந்துபோகிறது! லேவியராகமம் இன்னும் கண்டிப்பானது. நிலம் ஆண்டவருடையது, ஏழாம் ஆண்டில் அதற்கும் ஓய்வு வேண்டும் என்கிறது.

கடவுள் எங்கோ வானத்தில், மண் வெறும் மண் என்று எண்ணுபவனுக்கு, உறுதி முடித்த காணி தன் இஷ்டப்படி ஆளும் சொத்து. தாம் படைத்ததை அவர் இன்றும் தாங்கி நிற்கிறார் என்று விசுவசிப்பவனோ குத்தகைக்காரன், கணக்குக் கொடுக்கவேண்டியவன்.

யாழ்ப்பாணத்தில் எமது காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சிப் போடும் யூரியா அதனூடே இறங்கி, நைத்திரேற்றாக அயலவன் கிணற்றில் சேர்கிறது. அந்தத் தண்ணீரில் கரைத்த பால்மா கைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தஞ் செய்யும்போது அயலவனின் வேலியை அரக்கியதை நினைக்கிறோம். அவனது கிணற்றை நினைக்கிறோமா?